பறவாத விமானம்

சீவக சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை எமது வகுப்பிற் பாடங் கேட்ட நாள் முதலாக ஒரு மயில் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தன் தேவி விசயை கண்ட தீக்கனவால் வரப்போகும் கேட்டினை உணர்ந்து, கருவுற்றிருந்த அவளைக் காக்கும்பொருட்டுக் கம்மியன் ஒருவனைக் கொண்டு வான்வழிச் செல்லும் மயிற்பொறி ஒன்று செய்வித்தான் என்பது கதை. அதற்கு வேண்டிய பொருள்கள் இன்னவை எனத் திருத்தக்கதேவர் கூறுவது வியப்பானது. துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு என அவை எல்லாம் நம் வீட்டுப் புறக்கடையிற் கிடைப்பனவே. பணி முடிந்ததோ ஏழே நாளில். பொறியை வலமாகத் திரித்தால் மயில் மேலெழும். இடமாகத் திரித்தால் நிலத்தில் இறங்கும்.

ஆசிரியர் அப்பகுதியின் சொல்லழகை விரித்துரைத்துக் கொண்டிருந்தார். என் உள்ளமோ வகுப்பறையில் இல்லை. துணி, நூல் என்ற சொற்கள் காதில் விழுந்த அளவிலே, இராஜபாளையத்தில் என் சித்தப்பாவின் வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டகை என் கண்முன் வந்து நின்றது. அதனுள்ளேயும் ஒரு மயில் உண்டு. அது ஏழு நாளில் முடிந்ததன்று. ஒன்பது ஆண்டு முடிந்தும் இன்னும் பறவாதது. அதன் வரலாற்றையும், அதன் பொருட்டு யான் செய்த ஒரு பிழையையும் இவ்விதழ் படிக்கும் நண்பர்களுக்கு மறையாது கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எமது வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. ஊரின் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் 192 அடி உயர்ந்த பதினொரு நிலைக் கோபுரம் கண்ணிற் படும். ஆதலின் உயரம் என்றால் எம்மூர்ச் சிறுவர்க்கு, அவர் எச்சமயத்தவராயினும், அக்கோபுரமே அளவுகோல். அங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இராஜபாளையம். நூற்பாலைகளுக்கும், மருத்துவமனைகளில் காயங்கட்டும் துணிக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர்ப் பஞ்சாலை ஒன்றில் என் சித்தப்பா பிட்டராக வேலை பார்க்கிறார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் இயந்திரம் ஒன்றின் அருகே நின்று அதன் ஓசையைச் செவிமடுத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல வல்லவர்.

அவரது கொட்டகைச் சுவரில் நான்கு தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். சிறுவனாயிருந்த போது யான் எழுத்துக்கூட்டிப் படித்தவற்றுள் அவை முக்கியமானவை.

முதலாவது, சென்னை மவுண்டு ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்ஜலிஸ் என்பவரைப் பற்றியது. கார்சிகாத் தீவினரான அவர் தாமே திட்டமிட்ட ஒரு விமானத்தைச் சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையிற் செய்வித்து, 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பல்லாவரத்திற் பறக்கவிட்டார். ரைட் சகோதரர் முதன்முதற் பறந்த 1903ஆம் ஆண்டிற்கு ஏழாண்டு கழியுமுன்னரே, குதிரைவண்டி செய்த தமிழ்நாட்டுப் பட்டறை ஒன்றிலிருந்து விமானம் வெளிவந்தது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

இரண்டாவது, கேரளத்துத் தொடுபுழைப் பக்கத்தவரான சஜி தாமஸ் பற்றியது. பிறவியிலேயே செவியும் வாயும் பயன்படாத அவர் பல்லாண்டு உழைத்து இருவர் அமரும் சிறுவிமானம் ஒன்றைத் தம் கையாலேயே இயற்றினார். அது 2014ஆம் ஆண்டில் நம் அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாற்றுப் பக்கத்திற் பறந்தது. 2017இல் வெளிவந்த 'விமானம்' என்னும் மலையாளப் படம் அவர் வாழ்க்கையைத் தழுவியதே.

மூன்றாவது, மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே விமானங் கட்டிய அமோல் யாதவ் பற்றியது. 2016இல் அதனைப் பொருட்காட்சியில் வைத்தார்; அரசுப் பதிவு பெற்றது 2017இல்; பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019இல். "கட்டுவது பாதி, காகிதம் பாதி" என்று அதன் கீழே சித்தப்பா தம் கையால் எழுதி வைத்திருந்தார்.

நான்காவது தாளைச் சுற்றிச் சிவப்பு மையாற் கோடு. பிரெஞ்சு நாட்டு ஆன்றி மின்யே என்பார், யாரும் தம் வீட்டிலேயே கட்டத்தக்க 'வானத்துப் பேன்' என்னும் சிறுவிமானத்தைப் பற்றி 1934இல் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவெங்கும் பலர் அதனைப் பார்த்துக் கட்டினர். சிலர் வீழ்ந்து மாண்டனர். பின்னர் 1936இல் அதனைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த போதுதான் உண்மை விளங்கிற்று. அவ்விமானம் ஓரளவுக்கு மேல் மூக்கைத் தாழ்த்திவிடின், முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றையொன்று தடுமாறச் செய்ய, மீண்டும் நிமிராது என்பதே அது. கட்டியவர் பிழையும் இல்லை. ஓட்டியவர் பிழையும் இல்லை. அளவாமல் நம்பியதே பிழை. "இதை நாள்தோறும் பார்க்க வேண்டும், தம்பி" என்பார் சித்தப்பா.

யான் பத்து வயதினனாயிருந்த ஆண்டில் அவர் கட்டத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கிய வரைபடத்தின்படி அலுமினியக் குழாய்களை அறுத்து, துளையிட்டு, இணைத்து ஓர் எலும்புக்கூடு ஆக்கினார். இறக்கைக்குப் பாலியெஸ்டர்த் துணி போர்த்தினார். அத்துணியை முதலில் தொளதொளவென்று ஒட்டி, பின்பு இஸ்திரிப்பெட்டியாற் சூடு காட்டினால், அது சுருங்கி முரசுத் தோல்போல் விறைத்து நிற்கும். அக்காட்சியைக் காண எங்கள் வீட்டார் அனைவரும் ஒரு ஞாயிறு மாலை கூடியிருந்தோம். நாள் முழுதும் நூலோடு பழகிய அவர் விரலால் துணியைத் தட்டி, அதன் ஓசையாலேயே இழுப்பை அறிந்தார். இஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்குதற்குச் சித்தியின் சங்கிலி அடகுக்குச் சென்றது. அவ்வீட்டு முன்னறைச் சுவர் இன்றுவரை பூச்சுக் காணாது செங்கல் தெரிய நிற்கிறது. சித்தி அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. விருந்தினர் வந்தால் மட்டும் அச்சுவர்ப் பக்கமாக அவர்களை உட்கார வைப்பதில்லை.

அக்காலத்திலேயே சித்தப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "பொழுது விடிய ஏறுவோம், மணிமுத்தாற்றில் இறங்கி, அணையைப் பார்த்து, சித்தி கட்டிக் கொடுக்கும் புளியோதரையைத் தின்று, இருட்டுமுன் வீடு வந்து சேர்வோம்" என்றார். சஜி தாமஸின் விமானம் பறந்த இடமாதலின் அவர் அதனையே தேர்ந்தார். எம்மூரிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மணிக்கு நூறு கிலோமீட்டர் செல்லும் சிறுவிமானத்திற்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. அரசின் பதிவும் அனுமதியும் பெற்று, கைதேர்ந்த விமானி ஒருவர் முதலிற் பறந்து சோதித்து, தாமும் முறையாகக் கற்றுச் சான்று பெற்ற பின்னரே என்னை ஏற்றுவதாக அவர் எண்ணியிருந்தார். ஒருநாட் பயணம்; அவ்வளவே. ஆயினும் அவ்வொரு நாளுக்காக யான் ஒன்பது ஆண்டு காத்திருந்தேன்.

இது நடவாத கனவும் அன்று. ஆலப்புழையைச் சேர்ந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் அசோக் தாமரக்ஷன், தென்னாப்பிரிக்கக் கம்பெனி ஒன்று பகுதிகளாக விற்கும் ஸ்லிங் என்னும் விமானத்தை நோய்த்தொற்று முடக்க காலத்தில் வாங்கித் தாமே பூட்டி, 2022ஆம் ஆண்டிற் பறந்தார். பின்பு மனைவி மக்களுடன் ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளுக்குச் சென்று திரும்பினார். ஆனால் அது நால்வர்க்குரியது. 141 குதிரைத்திறன் உடையது. சித்தப்பாவின் மயிலோ அதன் பேரன் ஆகவும் போதாது.

நிற்க. கடந்த ஆனி மாதம் யான் கல்லூரி விடுதியில் இருக்கையில் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். விமானத்தைப் பஞ்சுப்பொதி நிறுக்கும் பெருந்தராசில் சக்கரம் சக்கரமாக ஏற்றி நிறுத்ததாகக் கூறினார். குரலில் மகிழ்ச்சி இல்லை. வரைபடத்தின்படி வெற்றெடை 210 கிலோ இருத்தல் வேண்டும். தராசு காட்டியதோ 243 கிலோ. இங்கொரு பட்டை, அங்கொரு ஆணி, உறுதிக்காகச் சற்றே தடித்த குழாய், இரண்டு முறை பூசிய வண்ணம் என ஒன்பதாண்டுக் கவனமெல்லாம் சேர்ந்து முப்பத்து மூன்று கிலோ ஆகியிருந்தது. வீட்டில் விமானங் கட்டுவார்க்கு இது பெரும்பாலும் நேர்வதே என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அவ்விமானம் எல்லாம் சேர்ந்து தாங்கத்தக்க எடை 400 கிலோ. எஞ்சியது 157. சித்தப்பா 74 கிலோ. "உன் எடை என்ன, தம்பி?" என்று கேட்டார்.

யான் உடனே விடை கூறவில்லை. இரண்டு வாரத்திற்கு முன்புதான் விடுதி மருத்துவச் சோதனையில் என் எடை 61 கிலோ எனக் குறித்திருந்தனர். ஆயினும் கணக்கு என் மனத்துள் ஓடிற்று. எங்கே அவர், "அப்படியானால் முடியாது" என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன். "ஐம்பத்திரண்டு" என்றேன். "சரி" என்று குறித்துக்கொண்டார். பெட்ரோலுக்கு 31 கிலோ மிஞ்சிற்று. லிட்டர் ஒன்று ஏறத்தாழ முக்காற் கிலோ ஆதலின் நாற்பது லிட்டர் கொள்ளலாம்; மணிக்குப் பதினைந்து லிட்டர் குடிக்கும் இஞ்சினுக்கு அது போதும் என்றார். அவர் குரல் தெளிந்தது. யானும் ஒன்பது கிலோ என்ன பெரிது என்று என்னைத் தேற்றிக்கொண்டு உறங்கச் சென்றேன்.

உறக்கம் வரவில்லை. மறுநாள் நூலகத்திலும், தொடர்ந்து பல இரவுகள் இணையத்திலும், சிறுவிமானங்களின் மெய்யான ஆற்றலைப் பற்றித் தேடிப் படித்தேன். தமிழ் மாணவனுக்கு இஃது ஏன் என்று நண்பர்கள் நகைத்தனர். படித்தவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

விற்பவர் ஏட்டிற் குறிக்கும் அளவுகள் பதினைந்து பாகை வெப்பமுள்ள காற்றிற்கும், நன்கமைந்த ஓடுதளத்திற்கும் உரியவை. காற்று சூடேறினால் நெகிழும். நெகிழ்ந்த காற்றில் இறக்கைக்குப் பிடிப்புக் குறையும். இஞ்சினுக்கும் மூச்சுக் குறையும். இங்கிலாந்து விமானத் துறையினர் சிறு விமானிகளுக்கு வெளியிட்ட கையேட்டின்படி, பத்துப் பாகை வெப்பம் மிகுந்தால் எழும்பும் தூரம் பத்தில் ஒரு பங்கு மிகும். உலர்ந்த புல்தரையாயின் ஐந்தில் ஒரு பங்கு. எடை பத்தில் ஒரு பங்கு ஏறினால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். இவற்றைக் கூட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்குதல் வேண்டும். இறுதியிற் காப்புக்காக மூன்றில் ஒரு பங்கு மேலும் சேர்த்தல் வேண்டும்.

சித்தப்பாவின் வரைபடம் 250 மீட்டர் என்றது. எம்மூரில் 35 பாகை என்பது கொடிய வெயிலும் அன்று. அதற்கு இருமுறை பெருக்க 302 ஆயிற்று; புல்தரைக்கு 363; காப்பையும் சேர்க்க 484 மீட்டர். அவர் கண்ணில் வைத்திருந்த தரிசு நிலத்தின் நீளம் 500 மீட்டர். அதன் கோடியிற் புளியமரங்கள். மிச்சம் பதினாறே மீட்டர். என் சொல்லை நம்பி நாற்பது லிட்டரையும் நிரப்பியிருந்தால், யான் மறைத்த ஒன்பது கிலோ அத்தூரத்தை இருபத்திரண்டு மீட்டர் நீட்டியிருக்கும். அப்புளியமரங்களை யான் நன்கறிவேன்; சிறுவயதில் அவற்றில் ஏறிக் காய் பறித்திருக்கிறேன்.

காற்றின் கணக்கு இதனினும் வியப்பானது. நூறு கிலோமீட்டர் போகவும் நூறு கிலோமீட்டர் வரவும், காற்றில்லா நாளில் இரண்டு மணி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுமாயின் போகும்போது வேகம் அறுபதாகும். வரும்போது அதே காற்று பின்னின்று தள்ள நூற்று நாற்பதாகும். ஆதலின் கணக்குச் சரியாய்விடும் என்றே யானும் எண்ணினேன். அவ்வாறன்று. போக நூறு நிமிடம். வர நாற்பத்து மூன்று. இரண்டும் சேர்ந்து இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம். பெட்ரோலும் முப்பது லிட்டருக்குப் பதில் முப்பத்தாறு. காற்று வாங்கிய கடனை முழுதும் திருப்பித் தருவதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மிக்குத் திரும்பி வரும் கவலை இல்லை போலும்!

இனி என் பொய்யின் கணக்கு. என் மெய்யான எடையை வைத்துப் பார்த்தால் பெட்ரோலுக்கு மிஞ்சுவது 22 கிலோவே. அஃதாவது இருபத்தொன்பது லிட்டர். அது காற்றில்லா நாளிலும் மணிமுத்தாறு சென்று மீளப் போதாது. ஒன்பது கிலோ என்பது பன்னிரண்டு லிட்டர். பன்னிரண்டு லிட்டர் என்பது நாற்பத்தெட்டு நிமிடம். யான் தொலைபேசியில் ஒரு சொல்லால் மறைத்தது அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தை. விமானத்தில் இருக்கை இரண்டு; ஆற்றலோ ஒருவர்க்கே. ஞாயிறு பள்ளியிற் கள்ளத்தராசைப் பற்றிப் பன்முறை கேட்டிருக்கிறேன். அதன் தட்டில் யானே ஏறி நின்றதை அன்றிரவே உணர்ந்தேன்.

உணர்ந்தும் உடனே கூறத் துணிவில்லை. ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில் ஊருக்கு வந்தேன். மறுநாள் சித்தப்பா, "நாளெல்லாம் கொட்டகையில் இருந்து என்ன? மணிமுத்தாறு வரை பஸ்ஸில் போய்வருவோம், வா" என்றார். சித்தி புளியோதரை கட்டிக் கொடுத்தார். விடியற்காலையில் இராஜபாளையத்தில் ஏறி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சேர்ந்து, அங்கிருந்து வேறு வண்டியில் கடையம் வழியாக அம்பாசமுத்திரம் சென்றோம். வலப்புறம் மலைத்தொடர் முழுதும் எங்களுடன் வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்று தென்காசிப் பக்கத்தில் பஸ் சன்னலின் தகரத்தை ஓயாது அடித்தது. சித்தப்பா ஒவ்வொரு தென்னந்தோப்பையும் உற்று நோக்கி, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

மணிமுத்தாற்று அணையைக் கண்டபின், மரநிழலில் அமர்ந்து பொட்டலத்தை அவிழ்த்தோம். காற்று இலையைத் தூக்கிற்று. அதன் ஓரத்தைச் சித்தப்பா ஒரு கல்லால் அமர்த்தினார். அப்போது கூறினேன்.

"சித்தப்பா, என் எடை ஐம்பத்திரண்டு அன்று, அறுபத்தொன்று."

அவர் ஒரு கவளத்தை உண்டு முடித்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமாகப் பஞ்சுப்பொதி பார்த்த கண், தம்பி. நேற்று நீ வாசற்படி ஏறும்போதே தெரிந்தது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்."

யான் தலைகுனிந்தேன். அவர் என்னைக் கடியவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்தார். அதில் 52 என்று இருந்ததை அடித்து 61 என்று எழுதி, அதற்கு நேரே என்னைக் கையெழுத்திடச் சொன்னார். "ஆலையில் தப்பான அளவைத் திருத்தினால் திருத்தியவன் கையெழுத்து வேண்டும்" என்றார். இட்டேன். பின்னர் நெடுநேரம் மலையை நோக்கியிருந்து, "வாக்குக் கொடுத்தபோது நீ இருபத்தைந்து கிலோ இருந்திருப்பாய். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தப்பு உன்னுடையது மட்டும் இல்லை" என்றார்.

மாலையில் இருட்டுமுன் வீடு திரும்பினோம். அவர் வாக்களித்த ஒருநாட் பயணம் அவ்வாறு நிறைவேறிற்று. புளியோதரையும் அணையும் அவர் கூறியபடியே இருந்தன. விமானம் ஒன்றே இல்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து கொட்டகைக்குச் சென்றபோது, விமானத்தின் இரண்டாவது இருக்கையை அவர் கழற்றிக் கொண்டிருந்தார். அதனை ஒருவர் அமரும் விமானமாக மாற்றி, தேவையற்ற பட்டைகளை நீக்கி எடையைக் குறைத்து, மீண்டும் நிறுத்த பின்னரே அனுமதிக்கு எழுதப் போவதாகக் கூறினார். "இன்னும் எத்தனை வருஷம்?" என்று சித்தி வாசலில் நின்று கேட்டார். "தராசு சொல்லும்" என்றார் சித்தப்பா. கழற்றிய இருக்கை இப்பொழுது முன்னறையில், பூச்சில்லாச் சுவரோரம் கிடக்கிறது. யான் சென்றால் அதில்தான் உட்கார்வேன்.

கல்லூரிக்குத் திரும்பிய பின் மயிற்பொறிப் பகுதியை மீண்டும் படித்தேன். விசயை ஒருத்தியே அம்மயிலில் ஏறினாள்; சச்சந்தன் ஏறவில்லை. தேவி விண்ணிற் செல்ல, அவன் நிலத்தில் நின்று போர்செய்து மடிந்தான். அரசன் ஏன் உடன் செல்லவில்லை என்னும் வினாவுக்கு, "மானத்தால்" என்று பருவத் தேர்வில் விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அவ்விடை தவறன்று. ஆயினும் துணியும் மெழுகும் நூலும் கொண்டு செய்த அம்மயில் எத்துணை எடை தாங்கும் என்பதைக் கம்மியனும் அரசனும் அறிந்தே இருப்பர் என இப்பொழுது எண்ணுகிறேன். கருவுற்ற தேவியை ஏற்றியபின் அதில் வேறொருவர்க்கு இடமிருந்திராது. அதனை அறிந்தும் அவன் தன் எடையைக் குறைத்துச் சொல்லவில்லை.

அன்பர்களே, தம் பிள்ளையையோ தம்பியையோ உடனேற்றிச் செல்ல விரும்பி ஏதேனும் கட்டுவோர் நம்மிடம் ஓர் அளவு கேட்பாராயின், நாம் அவர்களுக்குச் செய்யத்தக்க பேருதவி மெய்யான எண்ணைக் கூறுதலே. அவ்வெண் நம்மை நிலத்திலேயே நிறுத்தினும் நிறுத்துக. எம் சித்தப்பாவின் மயில் ஒருநாள் அவர் ஒருவரையே தாங்கி எழும். அன்று யான் அத்தரிசு நிலத்தின் கோடியில், புளியமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பேன்.